ஒட்டுண்ணிப் போர் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானூர்தி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் இடத்தில் எக்ஸ்எஃப்-85 கோப்ளின் என்ற குட்டி ஜெட் விமானத்தின் படத்தைக் காட்டினால் போதும், அதே ஐயங்கள் வரிசையாக எழும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். கோப்ளினை ஒரு வேடிக்கைப் பொருளாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோவது அதைக் கட்டிய பொறியாளர்களுக்கும் அதை ஓட்டிய விமானிக்கும் செய்யும் அநீதி என்று உறுதியாக நினைக்கிறேன். அதனால் சில விடைகள் நீண்டிருக்கின்றன.

ஒட்டுண்ணிப் போர் விமானம் என்றால் என்ன?

ஒரு பெரிய விமானத்தின் வயிற்றிலோ இறக்கையிலோ தொற்றிக்கொண்டு நெடுந்தூரம் சென்று, தேவையான இடத்தில் பிரிந்து பறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் அதனுடனேயே சேர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட சிறிய போர் விமானத்தைத்தான் அப்படி அழைக்கிறார்கள். சுமந்து செல்லும் பெரிய விமானத்தைத் தாய் விமானம் என்பது வழக்கம். பிரிவதும் சேர்வதும் வானிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் இதன் சிறப்பு. இதன் துன்பங்கள் எல்லாம் தொடங்குவதும் அங்கேதான்.

போர் விமானம் தன் எரிபொருளில் தானே பறந்து போனால் என்ன? எதற்காக இன்னொன்றின் வயிற்றில் ஏற வேண்டும்?

இரண்டாம் உலகப் போரில் காவல் விமானம் இல்லாமல் பகலில் குண்டுவீசச் செல்வதன் விலையை அமெரிக்கர்கள் நேரில் கண்டார்கள். 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரைத் தாக்கப் புறப்பட்ட 291 பி-17 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. கழற்றிவிடக்கூடிய எரிபொருள் தொட்டிகளுடன் பி-51 மஸ்டாங் போர் விமானங்கள் பெர்லின் வரை துணைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

ஆனால் அடுத்த தலைமுறைக் குண்டுவீச்சு விமானமான கான்வேர் பி-36, வட அமெரிக்காவிலிருந்தே புறப்பட்டுக் கண்டம் கடந்து தாக்கிவிட்டுத் திரும்பும் நோக்கத்துடன் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 4,500 கிலோ குண்டுடன் 16,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட இலக்கு. அந்தத் தூரத்துக்குத் துணை போகக்கூடிய போர் விமானம் எதுவும் இல்லை. புதிதாக வந்த ஜெட் எஞ்சின்களோ வேகத்தைத் தந்தனவே தவிர, எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. எனவே காவலாளியைக் கையோடு கூட்டிச் செல்வது என்ற முடிவு அன்றைய கணக்குப்படி நியாயமானதே. 1942 டிசம்பரில் அமெரிக்க இராணுவ வான்படை இந்தத் தேவையை அறிவித்தது. 1945 ஜனவரியில் அது ஜெட் விமானமாக இருக்க வேண்டும் என்று திருத்தியது. முன்வந்த ஒரே நிறுவனம் மெக்டானல். 1945 அக்டோபரில் இரண்டு மாதிரி விமானங்களுக்கு அதற்கு ஆணை கிடைத்தது. அந்த விமானம்தான் கோப்ளின்.

இந்த யோசனை அமெரிக்கர்களுடையதுதானா? அதற்கு முன்னால் யாருமே செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள், அதுவும் ஜெட் காலத்துக்கு வெகு முன்பே. 1916 மே மாதத்தில் பிரிட்டனில் பறக்கும் படகு ஒன்றின் மேல் ஏற்றிச் சென்ற பிரிஸ்டல் ஸ்கவுட் விமானத்தை வானில் பிரித்துவிட்டார்கள். 1930-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரான், மேக்கன் என்ற இரண்டு மாபெரும் வான்கப்பல்கள் ஸ்பாரோஹாக் என்ற சிறிய இரட்டை இறக்கை விமானங்களைத் தம் உடலுக்குள் வைத்திருந்தன. மேல் இறக்கைக்கு மேலே நீண்டிருந்த கொக்கியை, வான்கப்பலிலிருந்து தொங்கிய ஊஞ்சல் கம்பியில் விமானி மாட்டுவார். பிறகு விமானத்தை உள்ளே தூக்கிக்கொள்வார்கள். அது வழக்கமான பணியாகவே நடந்தது. 1933 ஏப்ரலில் ஆக்ரானும் 1935 பிப்ரவரியில் மேக்கனும் புயற்காற்றில் சிக்கி அழிந்தன. ஆக்ரானுடன் 73 பேர் மாண்டார்கள். அத்துடன் அந்த ஏற்பாடும் முடிந்தது.

சோவியத் நாட்டில் விளாதிமிர் வாக்மிஸ்த்ரோவ் 1931 முதல் ஸ்வெனோ என்ற பெயரில் பல சோதனைகளை நடத்தினார். 1935-இல் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் அடியில் போர் விமானம் பறந்தபடியே வந்து இணைந்ததும் அவருடைய திட்டத்தில்தான். போரிலும் இது பயன்பட்டது. 1941 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டிபி-3 குண்டுவீச்சு விமானங்களின் இறக்கைகளுக்கு அடியில் தொங்கிச் சென்ற ஐ-16 போர் விமானங்கள், ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகத்தையும் டான்யூப் ஆற்றின் செர்னவோடா பாலத்தையும் தாக்கின. ஆனால் தாக்குதலுக்குப் பிறகு அவை தாய் விமானத்தைத் தேடிச் செல்லவில்லை. தாமாகவே பறந்துபோய்த் தரையில் இறங்கின. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோப்ளின் உண்மையிலேயே அவ்வளவு சிறியதா, இல்லை படத்தில் அப்படித் தெரிகிறதா?

உண்மையிலேயே சிறியதுதான். அதன் நீளம் 14 அடி 10 அங்குலம், அதாவது பழைய அம்பாசிடர் காரைவிட ஒரு சாண் மட்டுமே அதிகம். பி-36-இன் குண்டறைக்குள் அடங்க வேண்டும் என்ற ஒரே கட்டளைதான் அதன் வடிவம் முழுவதையும் தீர்மானித்தது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள் விரிந்தால் 21 அடி. குண்டறைக்குள் போகும்போது மேல்நோக்கி மடிந்துகொள்ளும். இப்படிக் குட்டையாகப் பருத்த உடல் காற்றில் நிலையாக நிற்காது என்பதால், வால் பகுதியில் பல திசைகளில் துடுப்புகளை வைத்தார்கள். பின்னர் ஒரு மாதிரியின் இறக்கை நுனிகளிலும் துடுப்புகளைச் சேர்த்தார்கள்.

எஞ்சினைச் சுற்றி உடலைக் கட்டி, அதன் மேல் விமானியை உட்கார வைத்தது போன்ற அமைப்பு அது. ஏறத்தாழ 1,360 கிலோ உந்துவிசை தரும் வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 எஞ்சின், காற்றழுத்தம் காக்கப்பட்ட விமானி அறை, அவசரத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை, நான்கு 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகளுக்கான இடம் ஆகிய அனைத்தையும் அந்த நீளத்துக்குள் அடக்கியதைப் பொறியியல் சாதனை என்றே சொல்ல வேண்டும். அறை அவ்வளவு நெருக்கமானது என்பதால், விமானியின் உயரம் 5 அடி 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றும் உடை, கருவிகளுடன் அவர் எடை 90 கிலோ அளவில் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்திருந்தார்கள்.

சக்கரமே இல்லையே, தரையிறங்க வேண்டி வந்தால் என்ன செய்வார்கள்?

தரையிறங்குவது அதன் வேலைத் திட்டத்திலேயே இல்லை. வானில் பிறந்து வானிலேயே திரும்பிச் சேரும் விமானத்துக்குச் சக்கரங்கள் வீண் எடை என்று வடிவமைப்பாளர்கள் கருதினார்கள். சோதனைக் காலத்துக்கு மட்டும் வயிற்றுக்கு அடியில் ஓர் எஃகுச் சறுக்குத் தண்டைப் பொருத்தினார்கள். கலிஃபோர்னியாவின் முரோக் தளத்தில், இன்று எட்வர்ட்ஸ் வான்படைத் தளம் என்று அறியப்படும் இடத்தில், காய்ந்து இறுகிய ஏரிப்படுகை மைல் கணக்கில் பரந்து கிடக்கிறது. சறுக்கி நிற்க அதைவிடப் பொருத்தமான நிலம் கிடைக்காது. அது எவ்வளவு முறை தேவைப்பட்டது என்பதைக் கீழே காணலாம்.

பறந்துகொண்டிருக்கும்போது எப்படிப் பிரிவது, எப்படித் திரும்பச் சேர்வது?

முதலில் தரையில் ஒரு பள்ளத்துக்குள் கோப்ளினை இறக்கி வைப்பார்கள். தாய் விமானத்தை அதற்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, கோப்ளினை உயர்த்தி மாட்டுவார்கள். உரிய உயரத்துக்குப் போனதும் குண்டறையிலிருந்து ஊஞ்சல் போன்ற எஃகுச் சட்டம் கீழே இறங்கும். அதன் முனையிலுள்ள கம்பியில், விமானி அறைக்குச் சற்று முன்னால் நீண்டிருக்கும் கொக்கியால் கோப்ளின் தொங்கிக்கொண்டிருக்கும். எஞ்சினை இயக்கியபின் கொக்கி விடுபட, விமானம் கீழே விழுந்து பறக்கத் தொடங்கும்.

திரும்பும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். விமானி தாய் விமானத்தின் அடியில் வந்து, வேகத்தைச் சரியாக அதற்கு இணையாக்கி, தன் முகத்துக்கு முன்னாலுள்ள கொக்கியை அந்தக் கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு மூக்குப் பகுதியை ஒரு வளையம் பற்றிக்கொள்ளும்; சட்டம் மேலே ஏறும். எழுத்தில் எளிமையாகத் தெரியும் இந்தச் சில அடித் தூரம்தான் திட்டத்தையே விழுங்கியது.

முதல் பறப்பிலேயே விமானியின் தலைக்கவசம் பறந்துபோனது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மெக்டானல் நிறுவனத்தின் சோதனை விமானி எட்வின் ஷோக், கோப்ளினைத் தனியாக ஓட்டிய ஒரே மனிதர். 1948 ஆகஸ்ட் 23 அன்று, மான்ஸ்ட்ரோ என்று பெயரிடப்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானத்திலிருந்து 20,000 அடி உயரத்தில் அவர் பிரிந்தார். பறப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் கொக்கியை மாட்ட நெருங்கியபோதெல்லாம் விமானம் மேலும் கீழுமாகத் தூக்கியடித்தது. நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருந்தபோது கோப்ளின் ஊஞ்சல் சட்டத்திலேயே மோதியது. விமானி அறையின் கண்ணாடி மூடி நொறுங்கியது; ஷோக்கின் தலைக்கவசத்தையும் மூச்சுக்காற்று முகமூடியையும் காற்று பிய்த்துக்கொண்டு போனது.

அந்த உயரத்தில், முகத்தில் நேராக அறையும் காற்றில், முகமூடி இல்லாமல் இருந்த ஒருவர் விமானத்தைக் கைவிட்டுக் குதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கீழே இறக்கி, ஏரிப்படுகையில் வயிற்றால் சறுக்கி நிறுத்தினார். பழுதுபார்த்த பிறகு மீண்டும் அதே விமானத்தில் ஏறவும் செய்தார். கோப்ளினின் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான்.

அப்படியானால் கொக்கி ஒருமுறைகூட மாட்டவே இல்லையா?

மூன்று முறை மாட்டியது. 1948 அக்டோபர் 14 அன்று ஷோக் முதன்முறையாக வெற்றி பெற்றார். மறுநாள் இன்னும் இரண்டு முறை. திட்டம் கரையேறிவிட்டது என்றே அந்த இரண்டு நாளும் தோன்றியிருக்கும். ஆனால் அக்டோபர் 22 அன்று கொக்கியே உடைந்துபோக, மறுபடியும் ஏரிப்படுகைதான். 1949 மார்ச்சிலும் அப்படியே முடிந்தது. ஏப்ரல் 8 அன்று மற்றொரு மாதிரியை எடுத்துச் சென்றார். அது முன்பு காற்றுச் சுரங்கச் சோதனைக்குச் சென்ற இடத்தில் கிரேனிலிருந்து விழுந்து சேதமடைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது. மூன்று முயற்சிகளும் தவறின. அந்தப் பறப்பும் சறுக்கலில்தான் முடிந்தது.

ஆக ஏழு பறப்புகள், மூன்று இணைப்புகள், நான்கு சறுக்கல்கள். எல்லாம் சேர்த்து வானில் இருந்தது 2 மணி 19 நிமிடம். 1949 அக்டோபர் 24 அன்று வான்படை திட்டத்தை முடித்துக்கொண்டது.

வான்கப்பலில் சாதாரணமாக மாட்டினார்களே, ஜெட்டில் மட்டும் ஏன் முடியவில்லை? விமானியின் தவறா?

விமானியின் தவறு அல்ல; காற்றின் குணம். மேக்கனும் ஸ்பாரோஹாக்கும் சேரும்போது இரண்டும் மெதுவாகச் சென்றன. வான்கப்பலின் அடியில் காற்று ஓரளவு அமைதியாக ஓடும். பி-29-இன் அடியிலோ நான்கு சுழல் விசிறிகள் கலக்கிய காற்றும், திறந்த குண்டறையும் இறங்கிய சட்டமும் கிளப்பிய கொந்தளிப்பும் சேர்ந்திருந்தன. போதாததற்கு, சிறிய விமானம் பெரியதன் வயிற்றை நெருங்க நெருங்க இடையிலுள்ள காற்று நசுங்கி ஒரு மெத்தையைப் போல எதிர்த்துத் தள்ளியது. அதை மீறி உந்தினால், மெத்தையைக் கடந்த கணத்தில் விமானம் தேவைக்கு மேல் பாய்ந்துவிடும்.

கோப்ளினின் குட்டை உடலும் இதில் பங்கு வகித்தது. நீண்ட உடலுள்ள விமானம் சிறு அலைப்பில் மெதுவாக அசையும். குட்டையானது சட்டென்று தலையைத் தூக்கும். அக்காலத்து ஜெட் எஞ்சின்களும் விசையை நகர்த்திய உடனே பதில் தருபவை அல்ல. தேர்ந்த சோதனை விமானியான ஷோக்குக்கே இவ்வளவு கடினம் என்றால், எதிரியுடன் சண்டையிட்டுக் களைத்து, எரிபொருள் தீரும் நிலையில், இரவிலோ மேகத்திலோ திரும்பும் சாதாரணப் படை விமானியால் இது ஆகாது என்பதே வான்படை வந்தடைந்த முடிவு. அது சரியான முடிவு.

யாருக்காகக் கட்டினார்களோ அந்த பி-36-இலிருந்து கோப்ளின் பறந்ததா?

இல்லை. சோதனைகள் முழுவதும் மேலே சொன்ன பி-29-இலேயே நடந்தன. சில பி-36 விமானங்கள் குண்டே இல்லாமல் மூன்று, நான்கு கோப்ளின்களை மட்டும் சுமந்து கூட்டத்துக்குக் காவலாகச் செல்லலாம் என்ற யோசனைகூட இருந்தது. எல்லாம் தாளிலேயே நின்றுவிட்டன.

சரி, கொக்கிச் சிக்கல் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். எதிரி விமானத்துடன் மோதி கோப்ளின் ஜெயித்திருக்குமா?

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்று வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டிருந்தாலும், சோதனையில் எட்டிய அதிக வேகம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர்தான். முழு வேகத்தை முயலும் கட்டத்தைத் திட்டம் அடையவே இல்லை. அதற்குள் 1947 டிசம்பரில் சோவியத்தின் மிக்-15 முதன்முறையாகப் பறந்துவிட்டது. பீரங்கி ஏந்திய அந்த முழு அளவு விமானத்துக்கு முன்னால், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் குறைந்த எரிபொருளும் கொண்ட கோப்ளின் கடுமையாகத் திணறியிருக்கும். குண்டறைக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டளை, சண்டைக்குத் தேவையான ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டது.

இறக்கை நுனியோடு இறக்கை நுனி கோத்துக்கொண்டு பறந்தார்கள் என்று படித்தேன். அது வேறு திட்டமா?

வேறு திட்டம். குண்டறையை விட்டுவிட்டு, தாய் விமானத்தின் இறக்கை நுனிகளில் போர் விமானங்களை இணைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட இறக்கையாகி இழுவை குறையும் என்ற கருத்து, போருக்குப் பின் அமெரிக்கா வந்த ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஃபோக்ட்டினுடையது. முதலில் ஒரு சி-47 சரக்கு விமானத்திலும், 1950 முதல் டிப் டோ என்ற பெயரில் ஒரு பி-29, இரண்டு எஃப்-84 போர் விமானங்களிலும் முயன்றார்கள். இணைப்புகள் நடந்தன. ஆனால் நுனியில் உண்டான சுழற்காற்றில் விமானத்தை நேராக வைத்திருக்க விமானி ஓயாமல் போராட வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்கத் தானியங்கிக் கருவியை இயக்கிப் பார்த்த 1953 ஏப்ரல் 24 அன்று, இணைந்த எஃப்-84 புரண்டு பி-29-இன் இறக்கை மேல் விழுந்தது. இரண்டிலும் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அப்படியென்றால் ஜெட் ஒட்டுண்ணி எதுவுமே படையில் சேரவில்லையா?

சேர்ந்தது. பலருக்குத் தெரியாத பகுதி இதுதான். ஃபைகான் என்ற திட்டத்தில், புதிதாக ஒரு குட்டி விமானத்தைக் கட்டாமல், ஏற்கெனவே இருந்த எஃப்-84 விமானத்தின் மூக்கில் கொக்கியைப் பொருத்தி பி-36-இன் வயிற்றில் தொங்கவிட்டார்கள். 1952-இல் பிரிவதும் சேர்வதும் முழுமையாக நிறைவேறின. உடல் கோப்ளினைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் நீளம்; அதனால் முன்பு சொன்ன தலைதூக்கும் நோய் அதற்கு இல்லை. குண்டறையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அது தங்கிக்கொண்டது.

நோக்கமும் மாறியது. காவலுக்குப் பதிலாக வேவு. பெரிய விமானம் எதிரியின் எல்லைக்கு வெளியே நின்றுகொள்ள, வேகமான சிறியது உள்ளே பாய்ந்து படமெடுத்துத் திரும்பும். இதற்காக 25 ஆர்எஃப்-84கே விமானங்கள் கட்டப்பட்டன. 10 பி-36 விமானங்கள் தாயாக மாற்றப்பட்டன. ஆர்எஃப்-84கே-இன் வால் சிறகுகள் குண்டறையில் இடிக்காதபடி கீழ்நோக்கிச் சாய்க்கப்பட்டிருந்தன. 1955 முதல் 1956 வரை வாஷிங்டன் மாநிலத் தளங்களிலிருந்து இயங்கின. அதன்பின் மிக உயரத்தில் தனியாகவே பறக்கும் யூ-2 வேவு விமானம் வந்துவிட்டது.

வானில் எரிபொருள் நிரப்புவதும் இரண்டு விமானங்கள் சேர்வதுதானே? அது மட்டும் எப்படி வெற்றி பெற்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எரிபொருள் வாங்கும் விமானம் கொடுக்கும் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நுழைய வேண்டியதில்லை. குழாயோ நீண்ட தண்டோ பின்னால் தள்ளி இறங்குவதால், காற்று மெத்தையின் தொல்லை வெகுவாகக் குறைகிறது. தவறினால் விலகிச் சென்று மறுபடியும் வரலாம். முற்றிலும் முடியாமல் போனாலும், எரிபொருள் எட்டும் தூரத்தில் ஏதாவது ஓடுபாதை இருந்தால், தன் சக்கரங்களில் இறங்கிக்கொள்ளலாம். கோப்ளினின் விமானிக்கு அந்த இரண்டாம் வழி இல்லை. ஸ்வெனோ விமானங்கள் போரில் பயன்பட்டதற்கும் இதுவே காரணம். திரும்பச் சேர வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. அதோடு, எரிபொருள் வாங்கும் விமானம் எந்தக் குண்டறையின் அளவுக்கும் சுருங்க வேண்டியதில்லை.

காலமும் ஒத்து வந்தது. கோப்ளினின் கடைசிப் பறப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 1949 பிப்ரவரி 26 அன்று டெக்சஸிலிருந்து புறப்பட்ட லக்கி லேடி 2 என்ற பி-50 குண்டுவீச்சு விமானம், நான்கு இடங்களில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 94 மணி நேரத்தில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி வந்தது. 1952 ஜூலையில் எஃப்-84ஜி போர் விமானங்கள் வழியில் எரிபொருள் பெற்றுப் பசிபிக்கைக் கடந்து ஜப்பான் சேர்ந்தன. போர் விமானத்தைச் சுமந்து செல்ல வேண்டிய தேவையே அத்துடன் கரைந்துவிட்டது.

கோப்ளினை இன்று நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கட்டிய இரண்டுமே பிழைத்திருக்கின்றன. ஒன்று ஒஹாயோ மாநிலம் டேட்டனிலுள்ள அமெரிக்க வான்படையின் தேசிய அருங்காட்சியகத்திலும், மற்றொன்று நெப்ராஸ்காவின் ஆஷ்லாந்தில் உள்ள அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. டேட்டனில் ஒரு பி-36-உம் இருப்பதால், 230 அடி இறக்கை கொண்ட தாயையும் அதன் வயிற்றில் போக வேண்டியிருந்த குட்டியையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

இந்த யோசனை இனிமேல் திரும்பி வருமா?

விமானி இல்லாத வடிவில் ஏற்கெனவே வந்துவிட்டது. அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான தார்பா கிரெம்லின்ஸ் என்ற திட்டத்தில் எக்ஸ்-61ஏ ஆளில்லா விமானங்களைச் சோதித்தது. பறக்கும் சி-130 சரக்கு விமானம் அவற்றைத் திரும்பப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2020 அக்டோபரில் ஒன்பது முயற்சிகள் செய்தும், சில அங்குல இடைவெளியில் ஒவ்வொன்றும் தவறியது. ஷோக் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தச் செய்தி வியப்பளித்திருக்காது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒன்றைப் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். அதே சோதனைகளில் இன்னொன்று விழுந்து அழிந்தது.